ஒளிப்பலகையின் நினைவு

அரங்கிற் புகுந்த கணனியைப் பலர் மாயப்பொருளாகவே நோக்குகின்றனர். பொறியின் நினைவு தானே தோன்றியதன்று. தனக்கு முன்னிருந்த உழைப்பின் ஒழுங்கையே அது பெரிதும் உட்கொண்டுள்ளது என்பது நமது கருத்து.

நியூயோர்க்கின் புரோட்வே அரங்கிலே கணனி நினைவுகொண்ட ஒளிப்பலகை முதன்முதலிற் பயன்பட்டது 1975 இல், தாரன் மஸ்ஸர் ஒளியமைத்த ‘ஏ கோரஸ் லைன்’ இசைநாடகத்திலாகும். அதற்கு முன்னர் மின்தொழிலாளர் பலர் பலகைகளின் முன் நின்று கைபிடிகளை நகர்த்தினர். அவர்தம் குறிப்புத்தாளில், எக்கைபிடியை எந்த அளவுக்கு நகர்த்துவது என்பதே எழுதப்பட்டிருக்கும். குறிப்பிடப்படாதது இருந்தபடியே இருக்கும்.

கணனிப்பலகை பதியும் ஒளிமாற்றக் கட்டளை ‘கியூ’ எனப்படும். விளக்குகளின் அளவும், அவ்வளவை எய்துதற்குரிய நேரமும் அதிலடங்கும். 30 வீதத்தில் எரியும் விளக்கைப் 10 செக்கனில் 80 வீதத்துக்கு உயர்த்துக எனின், செக்கனுக்கு 5 வீதமாக இடைநிலைகளைப் பொறியே கணித்துக்கொள்கிறது. தேர்ந்த கையின் நிதானம் இங்கு எண்ணாகிவிடுகிறது.

பதியும் முறை இருவகைத்து. ஒன்று, ஒவ்வொரு கியூவிலும் எல்லா விளக்குகளின் அளவையும் முழுமையாகப் பதிதல். மற்றையது, மாறுவனவற்றை மட்டும் பதிதல், ‘தொடர்பதிவு’ எனலாம். இதுவே நமது கவனத்துக்குரியது. 7ஆம் விளக்கு முதலாம் கியூவில் 60 எனவும், 9ஆம் கியூவில் 0 எனவும் மட்டும் பதியப்பட்டுள்ளதெனக் கொள்வோம். இடைப்பட்ட ஏழு கியூக்களிலும் அது 60 ஆகவே தொடரும். ஒத்திகையில் முதலாம் கியூவை 40 ஆக்கினால், எட்டாவது வரை அனைத்தும் மாறிவிடும். ஒரு கியூவை மட்டும் திருத்த விரும்பின், அடுத்த கியூவிற் பழைய அளவை மீளப் பதிதல் வேண்டும். இதையும் ஒரு கட்டளையால் பொறியே செய்யும். ஆயின் இதன் தருக்கம் பழைய குறிப்புத்தாளின் தருக்கமன்றி வேறென்ன? கூலிபெற்ற கைகள் போயின. அவை வகுத்த முறை பொறியின் உடைமையாயிற்று.

எனினும் மீள இயக்கும் தருணத்தைப் பொதுவாக மனிதரே தீர்மானிக்கின்றனர். நடிகர் ஒரு வசனத்தின்முன் வழமையிலும் நீண்ட நேரம் மௌனித்தால், மேடை முகாமையாளர் கட்டளையைத் தாமதிக்கிறார். ‘கோ’ என்னும் பொத்தான்மீது விரலை வைத்தபடி பலகைக்காரர் காத்திருக்கிறார். பொறியும் காத்திருக்கிறது.