உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா?

வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் பலருக்குக் குடும்பத்துக்கென்று ஒரு கார் வாங்க ஆசை இருக்கும். வட்டிக் கடன் வேண்டாம் என்பவர்கள் சேமிப்பை மொத்தமாகக் கொடுத்துப் பழைய வண்டியாக வாங்குகிறார்கள். மாதத் தவணை இல்லாதது நிம்மதிதான். ஆனால் வண்டி சரியில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், மாற்றி வாங்கக் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"நான் அங்கே ஓட்டியது ஜப்பான் வண்டி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். உண்மையாக இருக்கலாம். அதே கம்பெனி இங்கே விற்கும் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறாக இருக்கக்கூடும். சாலையோ நிச்சயமாக வேறு.

நாம் வெளிநாட்டுக் கார் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை இங்கேயே தயாராகின்றன. கொரியாவின் ஹூண்டாய் 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. டொயோட்டா இன்னோவா பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராவது. உள்நாட்டு வண்டி என்று நாம் நினைக்கும் மாருதி 800, 1983-ல் வந்தபோதே ஜப்பானின் சுசுகி வடிவமைப்புதான். சேசிஸ் நம்பர் எம்ஏ, எம்பி என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, ஜே என்றால் ஜப்பான்.

ஆகவே நாட்டின் பெயரை வைத்து உழைப்பைச் சொல்ல முடியாது. இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஸ்விஃப்ட், டாட்டா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ மூன்றிலும் அதுதான் இருந்தது. ஸ்விஃப்ட்டுக்கு ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் ஸ்பேர்ஸும் உண்டு. ஃபியட்டோ இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. எஞ்சினுக்கான சாமான் கிடைத்துவிடும்; ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும்தான் அலைய வேண்டும். செவர்லே 2017-ல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் அந்த வண்டிகள் மோசம் என்று ஆகிவிடாது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் பார்க்காதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், நம் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் கிளட்ச் செட், ஹெட்லைட், ஏசி கம்ப்ரஸர் மூன்றுக்கும் விலை கேளுங்கள். எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள்.

பழைய ஜெர்மன் சொகுசுக் கார் புது ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை இருமடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். வண்டியின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும், அதன் பாகங்களின் விலை இறங்காது.

கம்பெனியைவிட, அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி வளர்க்கப்பட்டது என்பதுதான் முக்கியம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். மீட்டர் நாற்பதாயிரம் காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழவென்று இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா என்று விசாரித்து, பெல்ட்டானால் மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, பெரிய செலவில் கொண்டுபோய் விடும். காலையில் போய், எஞ்சின் சூடாகும் முன் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பானட்டைத் தொட்டால் ஏற்கெனவே சூடாக இருக்கிறதென்றால் எதையோ மறைக்கிறார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது.

நம் மாநிலத்தில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்குத் தனியாகப் பயப்பட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையோடு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவி பாலிஷ் போட்டால் வெளியே எதுவும் தெரியாது; வயரிங் கோளாறு பல மாதம் கழித்துத் தலைகாட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருந்த பகுதியில் மண் கறைக் கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இதையெல்லாம் விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டாம். உங்கள் ஆளுக்கு நூறோ ஐநூறோ கொடுத்து அழைத்துப் போங்கள். ஆர்.சி.யில் பதிவுத் தேதியையும் பார்த்துவிடுங்கள்: 15 வருடம் முடிந்தால் தகுதிச் சோதனைக்குக் காட்டி மறுபதிவு செய்ய வேண்டும், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. 13 வருட வண்டியை மலிவாக வாங்குகிறவர் அந்தச் செலவையும் விலையில் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.