இயல்பிருப்பு அமைவும் வழங்கலின் பொறுப்பும்: வலையமைப்புக் கண்காணிப்பு நிரல் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

வலையமைப்பில் இணைந்த கணினிகளின் நிலையை இடையறாது கவனித்துத் தெரிவிப்பவை கண்காணிப்புப் பின்னணி நிரல்கள் ஆகும். லினக்ஸில் இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுவனவற்றுள் ஒன்று, நெட்-எஸ்என்எம்பி தொகுப்பின் 'எஸ்என்எம்பிடி' நிரல். அதன் இயல்பிருப்பு அமைவை டெபியன் வழங்கல் எவ்வாறு மாற்றித் தருகிறது, பயனர் அதனை எந்த அளவிற்குத் தளர்த்தலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் இவ்வினா தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கும் உரியதாகிறது.

மூலமும் மாற்றமும்

கேட்கும் முகவரி குறிக்கப்படாவிடில், மூல நிரல் கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் யூடிபி 161ஆம் போர்ட்டில் வினாக்களை எதிர்நோக்கும். டெபியனின் அமைவுக் கோப்பு அதனை 127.0.0.1 முதலான உள்முகவரிகளுக்குள் அடக்குகிறது. அதே கணினியில் எழும் வினாவிற்கே விடை கிடைக்கும். மேலும், 'பப்ளிக்' என்னும் பலரறிந்த நுழைவுச்சொல்லைக் கொண்டு கேட்போர்க்குக் கணினியின் பெயர், இருப்பிடம், இயங்கிய நேரம் போன்ற அடிப்படைச் செய்திகளே காட்டப்படும். வலை இடைமுகங்களின் போக்குவரத்துக் கணக்கு மறைக்கப்பட்டிருக்கும்.

தளர்த்தலின் அளவு

தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில், தனி வலையமைப்பு நிருவாகி இன்றி, ஆசிரியர் ஒருவரே ஆய்வகத்தைக் கவனிப்பதாகக் கொள்ளலாம். நிரல் இயங்கியும் மையக் கணினிக்கு ஒன்றும் தெரியாமையால், அவர் எல்லா முகவரிகளையும் திறந்து, காட்சி வரம்பையும் நீக்கிவிட நேரும். 'பப்ளிக்' என்னும் சொல் மட்டும் அப்படியே நிற்கும். அந்நிலையில் கணினி இணையத்திற்கு வெளிப்பட்டிருப்பின், அயலார் அதன் விவரங்களைப் படிக்கலாம்; பிறர்மீது தொடுக்கும் தாக்குதலுக்கு அதனை எதிரொலிப்பானாகவும் ஆக்கலாம்.

இதனைத் தவிர்க்க மூன்று மாற்றங்கள் போதும். ஆய்வக உள்வலையின் முகவரி ஒன்றை மட்டும் கேட்குமிடமாகச் சேர்த்தல். வினவும் உரிமையை மையக் கணினிக்கே வரையறுத்தல். தேவைப்படும் பகுதியை மட்டும் காட்சியில் இணைத்தல். முதலிரு பதிப்புகளில் நுழைவுச்சொல் மறையாக்கமின்றிச் செல்லும். ஆதலால் 2002இல் இணையத் தரமாக ஏற்கப்பெற்ற மூன்றாம் பதிப்பின், அடையாளச் சான்றும் மறையாக்கமும் கொண்ட பயனர் கணக்கே தக்கது.

திருத்தமும் விளக்கவுரையும்

பயனர் திருத்திய அமைவுக் கோப்பைப் புதுப்பித்தலின்போது கேளாமல் அழித்தலாகாது என்பது டெபியனின் கொள்கை. பழையதைத் தக்கவைத்தால், புதிய வடிவம் வேறு பெயரில் அருகே சேமிக்கப்படும். மூலபாடமும் திருத்தபாடமும் ஒப்புநோக்கத்தக்கனவாய் நிற்கும் இம்முறை பதிப்பியலார்க்குப் புதிதன்று.

கோப்பினுள் '#' குறியுடன் தொடங்கும் வரிகளை நிரல் பொருட்படுத்துவதில்லை. எனவே, மாற்றத்தின் காரணத்தை அங்கேயே தமிழில் எழுதலாம்.

முடிவுரை

இயல்பிருப்பு என்பது நடுநிலையன்று; நிருவாகி இல்லாத இடத்தில் அதுவே நிருவாகியின் முடிவாகிறது. எனவே வழங்கல் குறுகத் திறந்து தருதலும், எங்கு, எவ்வளவு, ஏன் திறக்கலாம் என்பதைப் பயனரின் மொழியில் கோப்பிலேயே உரைத்தலும் வேண்டும். காரணம் அறியாதவர் கதவு முழுவதையும் திறந்துவிடுவர் என்பதால், அவ்விளக்கவுரையும் பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.