சளி மூக்கில், காரணம் பல்லில்!

புனேயில் மழைக்காலம் வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் மூக்கடைப்பும் கூடவே வந்துவிடும். "எல்லாம் இந்த ஊர் ஈரக்காற்று" என்று பழியை ஊர்மேல் போட்டுவிட்டு ஆவி பிடிக்க உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் சில சமயம் காரணம் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது!

மூக்கின் இருபுறமும் கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த அறை ஒன்று உண்டு. அதுதான் சைனஸ். 1651-ல் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவரிடம் வந்த ஒரு பெண்மணிக்கு, மேல்பல் பிடுங்கிய பள்ளம் வழியாக இந்த அறையிலிருந்து நீர் வடிந்தபடியே இருந்ததாம்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கும் அறையின் தரைக்கும் நடுவே பலருக்கு மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கிறது. வேரில் சீழ் பிடித்தாலோ, பல் பிடுங்கும்போது தகட்டில் ஓட்டை விழுந்தாலோ, ரூட் கேனால் மருந்து வேரைத் தாண்டிப் போனாலோ, அறையில் சீழ் கட்டலாம். அது வெளியேறும் துவாரமோ மேலே இருக்கிறது. ரயில்வேயில் பாலங்களையும் கல்வெர்ட்டுகளையும் பார்த்தவன் நான். வடிகால் மேட்டில் இருந்தால் தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்?

எனக்கு இடது கன்னத்தில் மந்தமான வலி, குனிந்தால் கூடும். அந்தப் பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றம். மூன்று மாதம் சளி மருந்து சாப்பிட்டும் கேட்கவில்லை. பிறகு பார்த்த காது மூக்கு தொண்டை நிபுணர், "காகா, ஒரே பக்கம்தானா? மேல்பல்லைக் காட்டுங்கள்" என்றார். எப்போதோ ரூட் கேனால் செய்த பல்லின் வேரடியில் சீழ் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பல்லில் வலியே இல்லை! பல்லுக்கு வைத்தியம் பார்த்த பிறகே மூக்கு சரியானது.

ஆகவே அன்பர்களே, சளி ஒரே பக்கம் நீடித்து, நாற்றமும் இருந்தால் பல்லையும் காட்டுங்கள். பல் பிடுங்கியபின் குடிக்கும் தண்ணீர் மூக்கில் வந்தால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள். மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள். சாதாரண சைனஸ் சளியாலும் மேல்பற்கள் வலிக்கும். அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. 2021-ல் கொரோனாவைத் தொடர்ந்து மகாராஷ்டிரத்தில் பலரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சை நோய், சைனஸைப் பிடித்து, சிலருக்குப் பல்வலியாகவும் பல் ஆட்டமாகவும் வெளிப்பட்டது. முகவீக்கமோ பார்வை மங்கலோ சேர்ந்துகொண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பல் டாக்டரிடம் மூக்கைப் பற்றியும், மூக்கு டாக்டரிடம் பல்லைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.