பதனிடு பட்டையும் பழனி மலையும்

வரலாற்றுக் களத்தில் நிகழும் வியூக விளையாட்டுகள், அதாவது ஒரு நாட்டையோ நாகரிகத்தையோ பொறுப்பேற்று, பல நூற்றாண்டுகளுக்கு அதை வளர்த்து, அண்டை நாடுகளோடு வணிகமும் போரும் நடத்தும் கணினி விளையாட்டுகள், பற்றாக்குறையை நம்பியே இயங்குகின்றன. எல்லோரிடமும் எல்லாம் இருந்துவிட்டால் வணிகத்துக்கும் போருக்கும் அங்கே வேலை இல்லை. சிட் மையர் 1991இல் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2001இல் வெளிவந்தபோது, ‘வியூக வளம்’ என்னும் ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. இரும்பு கிடைக்காத நாடு வாள்வீரர்களைத் திரட்ட முடியாது. வெடியுப்பு கிடைக்காத நாடு துப்பாக்கிப் படை அமைக்க முடியாது. அத்தகைய நாட்டை ஆள்பவர் அந்தப் பொருளை விலைக்கு வாங்க வேண்டும், அது கிடைக்கும் நிலத்தைக் கைப்பற்ற வேண்டும், அல்லது அது தேவைப்படாத வேறு வழியைத் தேட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரை மையமாகக் கொண்டு 2016இல் வெளிவந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ இதே கணக்கை இன்னும் நுணுக்கமாகப் போடுகிறது. எஃகு, எண்ணெய், அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், குரோமியம் ஆகிய ஆறும் வெளிவந்தபோது அதன் அடிப்படை வளங்களாக இருந்தன. ரப்பர் விளையாத நாடு செயற்கை ரப்பர் ஆலைகளை எழுப்பிக்கொள்ளலாம். இது வெறும் கற்பனை அன்று. 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமானதும், இயற்கை ரப்பரை இழந்த அமெரிக்கா செயற்கை ரப்பர் தொழிலைப் போர்க்கால வேகத்தில் கட்டியெழுப்பியது.

இந்த விளையாட்டுகளின் பட்டியல்களில் இடம்பெறாத ஒரு வளத்துக்கு ஏற்பட்ட பற்றாக்குறை, கொடைக்கானலைச் சூழ்ந்த மேல் பழனி மலையின் தோற்றத்தையே மாற்றியது. அந்த வளம் டானின். மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளான இது, பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தோடு பிணைந்து, தோல் அழுகாமலும் விறைக்காமலும் காக்கிறது. சென்னை மாகாணத்தின் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு நடந்தது. பின்னர் அதைவிடச் செறிவான டானின் தரும் கருஞ்சீகைப் பட்டை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து இறக்குமதியானது. இந்த மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. வாட்டில் என்றும் சீகை என்றும் மலைவாசிகள் குறிப்பிடுவது இந்த இனத்தையும் இதன் உறவு மரங்களையும்தான்.

தன் மண்ணில் வாழ்ந்த இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1946இல் கொண்டுவந்தபோது, இந்திய அரசு அந்நாட்டுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. நியாயத்தின்பால் எடுக்கப்பட்ட அந்த முடிவுக்கு ஒரு பொருளாதார விலையும் இருந்தது: திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகள் நம்பியிருந்த பட்டை வரும் வழி அடைபட்டது. பதனிட்ட தோல் அந்நியச் செலாவணி ஈட்டும் ஏற்றுமதிப் பொருளாகவும் இருந்ததால், வாட்டில் மரத்தை உள்நாட்டிலேயே வளர்ப்பது அரசின் கொள்கையானது. விளையாட்டின் மொழியில் சொன்னால், வாங்கும் வழி மூடிக்கொண்டதால் மாற்று வழி திறக்கப்பட்டது.

அந்த மரம் செழிக்கக் குளிர்ந்த உயர்நிலம் தேவை. தமிழ்நாட்டில் அத்தகைய நிலம் பெரும்பாலும் நீலகிரியிலும் மேல் பழனியிலும்தான் உண்டு. மேல் பழனியில் பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு இருந்தது. மலைச்சரிவுகளும் மேடுகளும் பரந்த புல்வெளிகளாகக் கிடந்தன. வனத்துறையின் அன்றைய பார்வையில் மரமில்லாத நிலம் பயன்படாத நிலம் என்பதால், வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் அந்தப் புல்வெளிகளில்தான் நடப்பட்டன. ‘சிவிலைசேஷன்’ ஆறாம் பதிப்பில் வெண்கலத் தொழில்நுட்பத்தைக் கற்கும்வரை வரைபடத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுவரை அந்தக் கட்டம் வெறும் புல்வெளியாகவோ குன்றாகவோ மட்டுமே மதிப்பிடப்படுகிறது. மேல் பழனியின் புல்வெளியும் டானின் தட்டுப்பாடு வரும்வரை அப்படித்தான் மதிப்பிடப்பட்டது.

ஆனால் விளையாட்டு காட்டாத ஒன்று இதன் பிறகு நிகழ்ந்தது. குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவலானதும், பல வாரங்கள் பிடித்த வேலை சில நாட்களில் முடிந்தது. மரப்பட்டைக்கான தேவை சுருங்கியது. டானினை வென்ற குரோமியம் தன் பங்குக்குத் தோல் ஷாப் ஊர்களின் நீரையும் நிலத்தையும் கெடுத்தது வேறொரு நீண்ட கதை. தேவை குறைந்தாலும் மரம் குறையவில்லை. வாட்டிலின் கடின ஓடுகொண்ட விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைப்புத் திறனோடு கிடக்கக்கூடியவை. வெட்டினாலும் எரித்தாலும் வெளிச்சம் பட்ட நிலத்தில் அவை மொத்தமாக முளைக்கின்றன. நடப்பட்ட தோட்டத்தின் எல்லையைத் தாண்டி அண்டைப் புல்வெளிக்குள்ளும் அம்மரம் தானாகவே புகுந்தது.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அங்கிருந்த இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலைக்காட்டில் 31 விழுக்காடும் மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. ஒருகாலத்தில் அம்மலையில் மிகுதியாகப் பரவியிருந்த புல்வெளி, இன்று அங்கு அரிதானவற்றுள் ஒன்றாகிவிட்டது. மஞ்சளாறு, மருதாநதி, குதிரையாறு, பாலாறு–பொருந்தலாறு ஆகிய அணைகளுக்கு இம்மலைகளிலிருந்தே நீர் இறங்குவதால், ஓடைகள் வற்றுவதற்கு அயல் மரங்களே காரணம் என்ற கருத்து இப்பகுதியில் வலுவாக உள்ளது. மழையளவின் மாற்றத்தையும் பெருகிவிட்ட நீர்த்தேவையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. நீரைப் பற்றிய இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், புல்வெளியின் இழப்பில் ஐயத்துக்கு இடமில்லை.

மீட்பும் எளிதன்று. நிழல் விழுந்த சில வாட்டில் தோட்டங்களுக்குள் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்து வருவதை வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவிய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் கவனித்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது என்று வலியுறுத்தினர். ஓரிடத்தில் அயல் மரத்தை அகற்றிப் புல்லை மீட்பதும், வேறோர் இடத்தில் அதன் நிழலிலேயே சோலையை வளரவிடுவதும் பொருத்தமாக இருக்கலாம். எது எங்கே என்பதை அந்தந்தச் சரிவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். 2013இல் இம்மலையின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பதும், அயல் தாவரங்களை அகற்றுவதற்கான மாநிலக் கொள்கை 2022இல் வகுக்கப்பட்டிருப்பதும் இப்பணிக்குத் துணையாக உள்ளன.

வியூக விளையாட்டுகளும் மெல்ல மாறிவருகின்றன. ‘சிவிலைசேஷன்’ ஆறாம் பதிப்புக்கு 2019இல் வந்த விரிவாக்கத்தில், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால் கடல் மட்டம் உயர்ந்து கரையோரக் கட்டங்கள் மூழ்கிவிடும். எனினும் பற்றாக்குறையைத் தீர்க்கக் கையாண்ட மாற்று, பற்றாக்குறை தீர்ந்த பிறகும் நிலத்தைவிட்டுப் போகாது என்பதை அந்த விதிகள் இன்னும் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை. டானின் தட்டுப்பாடு ஒரு தலைமுறைக்குள் நீங்கியது. அதற்காக நடப்பட்ட மரங்களை அகற்றும் வேலை மூன்றாம் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரிய கனிமங்களுக்காகவும் எரிபொருளுக்காகவும் நாடுகள் மீண்டும் மாற்று நிலங்களைத் தேடும் இந்நாளில், எந்த நிலத்தையும் வெற்று நிலம் என்று குறிக்கும் முன் மேல் பழனியின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.