பட்டுச் சதுரத்தில் ஒரு பதவி

சீன தேசத்தில் ஓர் உத்தியோகஸ்தரின் பதவியை அறிய அவரை வினவ வேண்டிய அவசியம் இருந்ததில்லை. மார்பிலும் முதுகிலும் அவர் தைத்துக்கொண்ட பட்டுச் சதுரமே அதை அறிவித்துவிடும். மிங் வம்ச அரசு 1391-ஆம் ஆண்டில் இதை விதியாக்கிற்று. சிங் வம்சத்தார் 1652-இல் விதிகளைப் புதுக்கினர். சிவில் அதிகாரிக்குப் பறவை. படை அதிகாரிக்கு விலங்கு. சிவில் பதவிகளின் ஒன்பது படிகளில் முதற்படிக்குப் பெருங்கொக்கு, மூன்றாவதற்கு மயில், எட்டாவதற்குக் காடை. மனைவியும் கணவரின் பதவிச் சின்னத்தையே அணிவார். இருவரும் அருகருகே அமர்கையில் பறவைகள் ஒன்றையொன்று நோக்குமாறு அவருடையது திசை மாற்றித் தைக்கப்படும்.

நெசவாள அன்பர்கள் கவனிக்கத்தக்கது இதன் வேலைப்பாடு. சரிகை என்றதும் பட்டிழையில் சுற்றிய வெள்ளித் தகடே நம் நினைவுக்கு வரும். சீனரோ தாளின்மேல் தங்க ரேக்கை ஒட்டி, அதை மெல்லிய கீற்றுகளாக நறுக்கிப் பட்டிழையில் சுற்றினர். அந்த இழையைத் துணிக்குள் ஊசியால் இழுத்தால் ரேக்கு உரிந்துவிடும். ஆகவே அதைத் துணியின் மேலே படியவைத்து, வேறொரு மெல்லிய பட்டிழையால் ஆங்காங்கே கட்டினர். தங்கமும் பின்புறத்தில் வீணாகவில்லை. சில சதுரங்கள் தையலே இன்றித் தறியில் நெய்யப்பட்டவை. 'கெசி' எனப்படும் அம்முறையில் ஒவ்வொரு வண்ண ஊடையும் தனக்குரிய இடத்தில் மட்டும் சென்று திரும்பும்; இரு வண்ணங்கள் சந்திக்கும் ஓரத்தில் நூலளவு பிளவு தெரியும்.

அரசாங்கம் சின்னத்தை விதித்ததேயன்றி வழங்கவில்லை. அதிகாரியே சொந்தச் செலவில் வாங்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பதவிகளே பெருமளவில் விலைக்குக் கிடைத்தபோது, கடைச்சரக்காகவே சதுரங்கள் வந்தன. நடுவில் இடம் விட்ட பின்னணி ஒன்று, பறவை தனி. பதவி உயர்ந்தால் பழைய பறவையைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு இது சிக்கனமே. ஆனால் முழுச் சதுரத்துக்குரிய வேலை ஒரு பறவையளவாகக் குறுகியதே என்று எண்ணாதிருக்க நம்மால் முடியவில்லை; கணக்குப் பார்ப்பதே நமது தொழிலாகிவிட்டது!

1912-இல் முடியரசு ஒழிந்தது. சின்னங்களின் தேவையும் அதனோடு ஒழிந்தது. பல சதுரங்கள் அயல்நாட்டார் விரும்பிய கைப்பைகளாயின. எஞ்சியவை காட்சிசாலைகளில் உள்ளன. அவற்றில் அணிந்தவரின் பதவியை இன்றும் படிக்கலாம். தைத்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. சிங் காலத்து மேலங்கி முன்புறம் திறப்பதாதலால், நடுவே இரண்டாகப் பிரிந்திருக்கும் சதுரம் மார்புக்குரியது. முழுமையாக இருப்பது முதுகுக்குரியது.