பாட்டுக்கு ஒரு பட்டியல்

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கேசட்டுகளும் சிடிகளும் இருக்கின்றனவா? ஆக்லாந்துக்கு வந்தபோது துணிமணிகளோடு அவற்றையும் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. கணினியிலும் கைப்பேசியிலும் இன்னும் பல பாடல்கள் இருக்கும். அவற்றுள் ஒரு பாட்டைத் தேடி எடுப்பது எப்படி?

ஆக்லாந்து நூலகத்தில் ஒரு நூலின் பெயரைத் தட்டினால், அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். காரணம், நூலகத்தில் பட்டியல் இருக்கிறது. வீட்டுப் பாடல்களுக்கும் பட்டியல் தயாரிக்கலாம். அதற்குப் பல மென்பொருள்கள் உள்ளன. நமக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாம் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு பாட்டைக் கேட்டதும் இப்படித்தானே பேசுவோம்?

"இது எந்தப் படம்பா?"
"யாரு மியூசிக்?"
"பாட்டு எழுதினது யாரு?"

பல மென்பொருள்களில் பாட்டின் பெயர், கலைஞர், தொகுப்பு என்று மூன்று கட்டங்களே முதலில் கண்ணில் படும். நமக்கு அவை போதா. 1992இல் வந்த 'ரோஜா' படத்தில் மின்மினி பாடிய பாட்டை எடுத்துக்கொள்வோம்.

படம்: ரோஜா
பாடியவர்: மின்மினி
இசை: ஏ. ஆர். ரகுமான்
பாடல்: வைரமுத்து

இதில் 'கலைஞர்' யார்? மூவருமே கலைஞர்கள்தாம்! கருநாடக இசை என்றால் இராகம், தாளம், இயற்றியவர் ஆகியவையும் வேண்டும். ஆகவே, புதிய கட்டங்களைச் சேர்க்க இடம் தரும் மென்பொருளே நமக்கு நல்லது.

எல்லாரும் 'எ' வரிசையில்!

இந்தப் பெயர்களைப் படியுங்கள்: எல். ஆர். ஈஸ்வரி, எம். எஸ். சுப்புலட்சுமி, எம். எஸ். விசுவநாதன், எஸ். ஜானகி, எஸ். பி. பாலசுப்பிரமணியம்.

அகர வரிசையில் அடுக்கினால் இவர்கள் எல்லாரும் 'எ' வரிசையில் வந்து நிற்பார்கள். இனிஷியல் என்று நாம் சொல்லும் தலைப்பெழுத்துதான் இதற்குக் காரணம். ஜானகியை 'ஜா'விலும் ஈஸ்வரியை 'ஈ'யிலும் தேட வேண்டுமானால், 'வரிசைப் பெயர்' என்று தனிக் கட்டம் வேண்டும். தமிழில் தட்டித் தேட முடிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்று வழிகள்

1. மியூசிக்பிரெய்ன்ஸ்: இது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இணையத் தகவல் களஞ்சியம். யாரும் தகவல் சேர்க்கலாம். வரிசைப் பெயருக்கும், கருநாடக இசையின் இராகத்துக்கும் தாளத்துக்கும் இடம் உண்டு. இதன் துணைச் செயலியான பிக்கார்ட், ஒலியைக் கொண்டே அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முயலும். கணினியில் உள்ள பாடல்களுக்கு ஏற்றது.

2. டிஸ்காக்ஸ்: இசைத்தட்டு, கேசட், சிடி ஆகியவற்றுக்கு ஏற்றது. அட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு தேடலாம். நம் வீட்டுத் தொகுப்பையும் அதில் குறித்து வைக்கலாம்.

3. விரிதாள்: கணக்குப் போடப் பயன்படும் சாதாரண அட்டவணைதான். தானாக எதையும் கண்டுபிடிக்காது; நாமே தட்ட வேண்டும். ஆனால் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போடலாம், தமிழிலேயே எழுதலாம்.

கணினிக்குத் தெரியாத பாட்டு

பேத்தி: பாட்டி, இந்தக் கேசட்டுல யாரு பாடுறாங்க?
பாட்டி: இதுவா? எங்க சித்தி பாடினதும்மா. வீட்டுலயே பதிவு பண்ணோம்.
பேத்தி: அட்டையில ஒண்ணுமே எழுதலையே!
பாட்டி: எழுதாட்டி என்ன? எனக்குத்தான் தெரியுமே!

ஆம், பாட்டிக்குத் தெரியும். ஆனால் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். கடையில் வாங்கிய சிடியைப் பற்றி உலகில் வேறு யாராவது எழுதி வைத்திருப்பார்கள். சித்தியின் குரலைப் பற்றி எந்த இணையதளத்திலும் இருக்காது. நாம் இன்று கேட்டு எழுதாவிட்டால், நாளை அது 'யாரோ பாடிய பாட்டு' ஆகிவிடும்.

எனவே கடையில் வாங்கியவற்றுக்கு முதல் இரண்டு வழிகள் உதவும். வீட்டில் பதிவு செய்தவற்றுக்கு விரிதாளே பொருத்தம். யார் பாடியது, எங்கே, எப்போது, யார் சொன்ன தகவல் என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். கேசட்டின் மேல் ஓர் எண் ஒட்டி, அதே எண்ணைப் பட்டியலிலும் எழுதுங்கள். மென்பொருள் எதுவானாலும், பட்டியலை வெளியே எடுத்துப் படி ஒன்று சேமிக்க முடிய வேண்டும். மென்பொருள் நின்றுபோனாலும் பட்டியல் நம்மிடம் இருக்கும்.

சொற்பொருள்

களஞ்சியம் – சேர்த்து வைக்கும் இடம்
தொகுப்பு – ஒன்றாகச் சேர்த்தவை
படி – நகல்

பயிற்சி

1. தமிழ்த் திரைப்பாடலுக்கு எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும்?
2. "வீட்டுலயே பதிவு பண்ணோம்." இதை எழுத்துத் தமிழில் எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய பாட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை நான்கு கட்டங்களில் எழுதி வகுப்பில் படியுங்கள்.