வாங்கிய உடை பொருந்தாவிடில்

“விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது” என்னும் பலகை தொங்காத ஜவுளிக் கடையை நம் ஊர்களில் காண்பது அரிது. தனியார் கடைகளில் மட்டுமன்று. நம் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் சிலவற்றிலும் அதனைக் காண்கிறோம். அப்பலகை சட்டத்தின் முன் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும், கூட்டுறவாளராகிய நமக்கு அது தகுமா என்னும் இரு கேள்விகளையும் இங்கு ஆராய்வோம்.

ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது நேரில் கண்ட நிகழ்ச்சி இது. உழவர் ஒருவர் காகிதப் பொட்டலத்துடன் விற்பனை நிலையத்துக்கு வந்தார். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மகனுக்காக அங்கே வாங்கிய கைத்தறிச் சட்டை அது. ஒரு முறை துவைத்ததும் கையும் உயரமும் குறைந்துவிட்டன. மகன் அதனை அணிய இயலவில்லை. விற்பனையாளர் பலகையைச் சுட்டிக் காட்டி, “துவைத்த துணியை எப்படி வாங்கிக்கொள்வது?” என்றார். உழவர் கோபிக்கவில்லை. “ஐயா, துணியைக் குறை சொல்ல வரவில்லை. என் தங்கை வீட்டாரும் தறி நெய்கிறவர்கள்தாம். ஆனால் அடுத்த முறை நான் எதை நம்பி இங்கே வருவது?” என்று மட்டும் கேட்டார்.

அதே தொகுதியைச் சேர்ந்த புதிய சட்டை ஒன்றை எடுத்து அளந்தோம். உயரம் 72 செ.மீ. இருந்தது. துவைத்த சட்டையின் உயரமோ 68 செ.மீ. தான். வாங்கியவர் அளவு தவறி எடுக்கவில்லை. சட்டைதான் அளவு தவறியது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சங்கத்தார் இசைந்தனர்.

இங்கே சட்டம் சொல்வதை அறிதல் வேண்டும். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்று அது கூறுகிறது. பட்டியலில் காலம் குறித்திருந்தால் அக்காலத்துக்குள்ளும், குறிக்காவிடில் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தருதல் வேண்டும். விற்ற பொருளுக்குப் பட்டியல் தராமலிருப்பதும் அவ்வாறே நேர்மையற்ற நடவடிக்கையாகும். ஆதலால் பலகையில் எழுதிய வாசகம் குறைபாடுள்ள சரக்குக்குக் கேடயமாகாது.

எனினும், பொருந்தாத உடை அனைத்தும் குறைபாடுள்ள உடை ஆகாது. இதனை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, உடையின் மேல் குறித்த அளவு ஒன்றாகவும் உண்மை அளவு வேறாகவும் இருப்பது. அல்லது முறைப்படி துவைத்ததும் அணிய இயலாதபடி சுருங்கிப்போவது. இது பொருளின் குறை. திருப்பிக் கேட்க வாங்கியவருக்கு உரிமையுண்டு. சுருக்கம் துவைத்த பிறகே வெளிப்படுமாதலால், “துவைத்ததை ஏற்கோம்” என்னும் வாதம் இங்கே நில்லாது.

இரண்டாவது, தேவையைக் கடைக்காரரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்குவது. அவ்வாறு விற்கப்படும் பொருள் அத்தேவைக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறும் நியதி. மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கு மாதிரியை ஒத்திருத்தல் வேண்டும் என்று அடுத்த பிரிவு கூறுகிறது.

மூன்றாவது, அளவு சரியாக எழுதப்பட்டிருந்தும், வாங்குபவர் தாமே தவறாகத் தேர்ந்தெடுப்பது. அல்லது வீட்டுக்குச் சென்றதும் நிறம் பிடிக்காமற்போவது. இங்கே சட்டப்படியான உரிமை இல்லை. கடைக்காரர் மாற்றித் தருவாராயின் அது அவருடைய நல்லெண்ணம். ஆனால் “7 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்” என்று பட்டியலில் அச்சிட்டிருந்தால், அச்சொல்லை அவர் காத்தல் வேண்டும்.

நாம் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லும் உடை அளவு தவறினால், அது பணியில் ஏற்பட்ட குறைபாடு. இணையவழி விற்பனைக்கென 2020-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுத்தலாகாது.

கடைக்காரரிடம் முறையிட்டும் பயனில்லையெனில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். அடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வழக்கறிஞரை அமர்த்துவதும் கட்டாயமன்று. 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை பட்டியலே. அதனையும் உடையின் அளவுச் சீட்டையும் பத்திரப்படுத்துவது வாங்குவோர் கடமை. கடையிலேயே அணிந்து பார்ப்பதும், துவைக்கும் முறையைக் கேட்டறிவதும் அவ்வாறே.

இனி, நெசவாளர் பக்கத்துக்கு வருவோம். மேற்கூறிய சங்கத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின் வேறொரு கேள்வி எழுந்தது. அந்த நட்டத்தைத் துணி நெய்தவரின் கூலியில் பிடிக்கலாம் என்றார் நிர்வாகக் குழுவினர் ஒருவர். அது பெரும் அநீதி. பாவு தறியில் இழுத்துக் கட்டப்படுகிறது. துணி நனைந்ததும் அந்த இழுப்புத் தளர்ந்து நீளம் குறைகிறது. இது பருத்தியின் இயல்பேயன்றி நெய்தவர் குற்றமன்று. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தாமல் தைத்ததே தவறு. அதனை எடுத்துக் கூறியபின், நட்டம் தையற் பிரிவின் செலவில் எழுதப்பட்டது. எஞ்சியிருந்த சட்டைகள் துவைக்கப்பட்டு, மறுபடி அளக்கப்பட்டு, உண்மை அளவு குறித்து, குறைந்த விலையில் விற்கப்பட்டன.

இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. துணியில் பாவின் வழியாகவும் ஊடையின் வழியாகவும் 50 செ.மீ. அளந்து குறியிடுக. துவைத்து நிழலில் உலர்த்தி மீண்டும் அளக்க. 1 செ.மீ. குறைந்தால் சுருக்கம் நூற்றுக்கு 2. சுருக்கம் நூற்றுக்கு 5 ஆயின், 110 செ.மீ. மார்புச் சுற்றுள்ள சட்டை ஐந்தரை செ.மீ. இழக்கும். ஒரு நாள் வேலையில் அறியக்கூடிய இதனை அறியாமல் விற்பது எவ்வகையில் நியாயம்?

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடிப் பண்டகசாலை தொடங்கியபோது, கலப்படமற்ற பொருள், குறையாத அளவு என்பவற்றையே முதலாகக் கொண்டனர். நம் சங்கத்தில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒருவரே. நெசவாளர் உழவரிடம் அரிசி வாங்குகிறார். உழவர் நெசவாளரிடம் துணி வாங்குகிறார். திருப்பி அனுப்பப்பட்ட உழவர் மீண்டும் வாராவிடில் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் பாவு கிடைப்பது தாமதமாகும், தறி நிற்கும். ஒரு சட்டையின் விலையைக் காத்து ஒரு குடும்பத்தின் கூலியை இழப்பது சிக்கனமாகாது.

ஆகவே, அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் நான்கு தீர்மானங்களைக் கொண்டுவருதல் நலம். பழைய பலகையை அகற்றி, மாற்றித் தரும் காலத்தைப் பட்டியலில் அச்சிடுதல். விற்பனை நிலையத்தில் அளவு நாடாவும் அணிந்து பார்க்க ஒரு மறைவிடமும் அமைத்தல். துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல். திரும்பி வந்த சரக்குக்கென ஒரு பதிவேடு வைத்து, காரணத்தை மாதந்தோறும் உற்பத்திப் பிரிவுக்குத் தெரிவித்தல் ஆகியன அவை.

அந்த விற்பனை நிலையத்தில் இப்போது பழைய பலகை இல்லை. “குறையிருப்பின் பட்டியலுடன் 30 நாட்களுக்குள் கொண்டு வருக” என்று அவ்விடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பின்னொரு முறை நான் சென்றபோது அதே உழவர் அங்கே வேட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.